ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போன படம்

'ஆன் தி சில்வர் குளோப்' பார்க்க உட்காருகிறவர்களிடம் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுநடுவே கதை நின்றுபோய் போலந்தின் தலைநகர் வார்சாவின் தெருக்கள் வரும். அந்த இடங்களைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள், படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இயக்குநர் போலந்தைச் சேர்ந்த ஆந்த்ஷே ஜுவாவ்ஸ்கி. அவருக்குத் தாத்தா முறையான இயெஷி ஜுவாவ்ஸ்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நிலவுலக நாவல்கள்தான் மூலம். 1976-ல் தொடங்கி பால்டிக் கடற்கரை, வியெலிச்கா உப்புச் சுரங்கம், கோபி பாலைவனம் என்று அலைந்து எடுத்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்த நேரத்தில், 1977-ல் பண்பாட்டுத் துறைத் துணை அமைச்சர் யானுஷ் வில்ஹெல்மி படத்தை நிறுத்திவிட்டார். அரங்குகளையும் உடைகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவு, படக்குழுவினர் சிலவற்றை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். பத்து வருடம் கழித்து ஜுவாவ்ஸ்கி கையில் இருந்ததைக் கோர்த்து, இல்லாத காட்சிகளுக்குப் பதிலாக அன்றைய வார்சாவின் தெருவையும் நகரும் படிக்கட்டையும் படம்பிடித்துப் போட்டு, அங்கே என்ன நடந்திருக்க வேண்டும் என்று தன் குரலிலேயே சொல்லி, 1988-ல் கான் திரைப்பட விழாவுக்குக் கொண்டுவந்தார். ஐந்தில் ஒரு பங்கு இல்லை என்பதைப் படத்தின் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்.

கதைக்கு வருகிறேன். விண்வெளி வீரர்கள் சிலர் வேறொரு கோளில் வந்து விழுகிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளைகள் கிடுகிடுவென்று வளர, சில தலைமுறைக்குள் ஒரு இனக்குழு, அதற்கு ஒரு மதம், சடங்கு, பலி எல்லாம் வந்துவிடுகின்றன. மிஞ்சிய ஒரே வீரன் கிழவனாகி, அவர்களுக்குப் பாதி தெய்வமாகிப் போகிறான். அவன் அனுப்பிய பதிவு பூமியை வந்து சேர, அப்புறம் மாரெக் என்பவன் அங்கே போகிறான். மக்கள் அவனை மீட்பர் என்று கொண்டாடி, ஷெர்ன் என்ற பறவை போன்ற உயிர்களோடு போருக்கு அனுப்பி, கடைசியில் சிலுவையில் ஏற்றுகிறார்கள்.

முதல் பாதி பெரும்பாலும் வீரர்கள் உடம்பில் மாட்டியிருக்கும் கேமரா பதிவு செய்ததாகவே வருகிறது. அதனால் எல்லோரும் லென்ஸைப் பார்த்தே கத்துகிறார்கள், அழுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். கேமரா மூச்சிரைக்க ஓடுகிறது, படம் முழுக்க ஒரு நீலம் பாய்ந்திருக்கிறது. இன்னொரு காட்சியில் கடற்கரையில் நெட்டையான கழுமரங்கள். கேமரா மணலிலிருந்து மெல்ல மேலே மேலே ஏறி, உச்சியில் ஏற்றப்பட்டிருக்கும் மனிதர்களின் உயரத்துக்கே போய்விடுகிறது. கணினி வரைகலை எதுவும் இல்லாத காலத்தில், நிஜமான கடற்கரையில், நிஜமான உயரத்தில் எடுத்தது அது. இன்று கோடிகளைக் கொட்டி எடுக்கும் எந்த வேற்றுக்கோளும் எனக்கு இந்தப் பயத்தைத் தந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. எல்லோரும் எப்போதும் தத்துவம் பேசுகிறார்கள், அதையும் உரக்கப் பேசுகிறார்கள். இரண்டாம் பாதியில் யார் யார் பக்கம் என்று பிடிபடுவது கஷ்டம். மாரெக்கைப் பூமியிலிருந்து அனுப்பிவைத்ததற்குப் பின்னால் இருக்கும் காதல் விவகாரம் அரைகுறையாகவே நிற்கிறது, எடுக்காமல் போனவற்றை மட்டும் அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஆனாலும் அந்தத் தெருக் காட்சிகள். முகத்தில் வண்ணம் பூசி, தோலும் இறகும் உடுத்தி வெறி கொண்டு ஆடும் கூட்டத்திலிருந்து சட்டென்று வெட்டி, கோட்டு மாட்டிக்கொண்டு நகரும் படிக்கட்டில் நிற்கும் மக்களிடம் வருகிறது படம். மேலே இயக்குநரின் குரல், நாம் பார்க்கவே முடியாத ஒரு போரை விவரித்துக்கொண்டிருக்கிறது. தொலைந்துபோன மனிதர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றே தெரியாமல் அனுப்பிய ஒரு பதிவைப் பற்றியதுதானே கதையும்? படத்தைத் தடுத்தவர்கள் தங்களை அறியாமலே அதை இந்தக் கதையின் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள். முழுசாக முடிந்திருந்தால் இதைவிடப் பிரம்மாண்டமாக இருந்திருக்கும், ஆனால் இந்த அளவுக்கு வலித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மொத்தம் 166 நிமிடம். 2016-ல் புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். முதல் தடவை வசனம் முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்று மெனக்கெடாமல் முகங்களையும் உடைகளையும் கவனித்தால் போதும், பேச்சை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.