எடுத்துப் போடாத கல்

போன செவ்வாய்க்கிழமை விடியக்காலம் மூன்றரை மணி இருக்கும். களக்காட்டிலிருந்து நாங்குநேரி ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். வண்டியில் வாழை இலைக்கட்டும் ஏத்தன் வாழைக்குலையும். ஐந்து மணிக்குள் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும், பிந்தினால் இலைக்கு விலை கிடைக்காது. ஒரு ஓடைப்பாலத்தைத் தாண்டியதும் லைட் வெளிச்சத்தில் இரண்டு கல் தெரிந்தது. ரோட்டின் இடது ஓரத்திலிருந்து ரெண்டடி உள்ளே தள்ளிக் கிடந்தது. பக்கத்தில் வாடிச் சுருண்டுபோன வேப்பங்குழை. பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. ஏதோ லாரி பஞ்சராகி நின்றிருக்கிறது, பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், டயரை மாற்றியதும் கல்லை அப்படியே விட்டுவிட்டு ஏறிப் போயிருக்கிறார்கள்.

வண்டியை முன்னால் கொண்டுபோய் மண்ணில் இறக்கி நிறுத்தினேன். நாலு லைட்டும் மின்னவிட்டு, டார்ச்சோடு திரும்பி நடந்து வந்தேன். பெரிய கல்லை ஒரு கையால் தூக்க முடியவில்லை. ஒரு பக்கம் டயர் ரப்பர் தேய்ந்து கறுப்பாகப் பளபளத்தது. புரட்டினால் அடியில் தார் அமுங்கிக் குழி விழுந்திருந்தது, அவ்வளவு பாரம் அதன்மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டாவது கல்லை எடுக்கும்போது பால்கேனோடு ஒரு பையன் பைக்கை நிறுத்தினான்.

"என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லப்பா. கல்லு கெடக்கு."

"இதா? நேத்து ராத்திரி எட்டு மணிக்கு நான் போகும்போதே கெடந்துச்சே!"

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்து ஒரு கை பிடித்தான், நல்ல பையன். ஆனால் மிச்ச தூரம் முழுக்க அந்தக் கணக்குதான் மனதில் ஓடியது. ராத்திரி எட்டிலிருந்து மூன்றரை வரை ஏழரை மணி நேரம். கடைசி பஸ் போயிருக்கும், கல்யாண வீட்டு வேன் போயிருக்கும், எத்தனையோ பைக் போயிருக்கும். எல்லோரும் பார்த்து விலகிப் போயிருக்கிறார்கள். கல்லைப் பார்த்தவனுக்குக் கல்லால் ஆபத்து இல்லை. பார்க்காமல் வருகிறவனுக்குத்தான் ஆபத்து, அவனால் அதை எடுத்துப் போடவும் முடியாது. அப்படியென்றால் எடுக்கக்கூடியவன் பார்த்தவன் ஒருத்தன் மட்டும்தானே?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இதுவரை வீட்டில் தவிர வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

1996. எனக்குப் பத்தொன்பது வயது. தூத்துக்குடியிலிருந்து கேரளாவுக்கு உப்பு ஏற்றிப் போகும் லாரியில் கிளீனர். திருநெல்வேலி, ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை, புளியரை என்று போகும் பாதை. ஒரு நாள் ராத்திரி ஆலங்குளம் தாண்டி பின்டயர் வெடித்துவிட்டது. ரோட்டோரத்தில் கிடந்த இரண்டு கல்லைத் தூக்கி வந்து முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்தேன். புளியங்கொப்பு ஒன்றை ஒடித்து வண்டிக்குப் பின்னால் இருபதடி தள்ளிப் போட்டேன். ஜாக்கி வைத்து, ஸ்டெப்னி மாட்டி, நட்டு முறுக்கி முடிப்பதற்குள் கை விட்டுப்போய்விட்டது. டிரைவர் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஏறுல, ஏறுல, நேரமாச்சு" என்றார். ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

ரொம்ப தூரம் போகவில்லை, ஞாபகம் வந்துவிட்டது. "அண்ணே, கல்லு ரெண்டும் ரோட்டுலயே கெடக்கு" என்றேன். "எவனாவது எடுத்துப் போடுவாம்ல" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இறங்கி ஓடியிருக்கலாம், பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும்போது அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். கல் இல்லை. யாரோ நல்ல மனுஷன் எடுத்துப் போட்டானா, இல்லை யாராவது விழுந்த பிறகு எடுத்தார்களா என்பது இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் இப்போது போனாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் கடக்க என்னால் முடிவதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். லைட்டைத் தாழ்த்திப் போட்டு வருகிறவனுக்கு ரோடு நன்றாகத் தெரிவதே முப்பது நாற்பது மீட்டர்தான். எதிரே ஒரு வண்டி லைட்டை ஏற்றி அடித்தால் அதுவும் இல்லை. கண் பார்த்து, மனசு புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடிக்கு மேலே ஆகிவிடும். அதற்குள்ளேயே பாதித் தூரம் போய்விடும். மிச்சத்தில் பைக் நிற்காது. பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, என்ன நடந்தது என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கல் மட்டும் இல்லை. நம்ம பக்கத்து ரோட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று கிடக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கிற அடியில் பனைமட்டை வந்து விழும். இரண்டு ஓரமும் கறுப்பாக ரம்பம் மாதிரி கருக்கு. வெறுங்கையால் அவசரத்தில் இழுத்தால் உள்ளங்கையைக் கீறிவிடும், ஓலைப் பக்கம்தான் பிடிக்க வேண்டும். மாசி பங்குனியில் பிசான நெல் அறுவடை. களம் இல்லாத ஊரில் விவசாயம் பார்க்கிற சம்சாரி நெல்லைக் காயப்போட ரோட்டைத் தவிர எங்கே போவான்? அவனை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் நெல்லுக்கு அணை வைத்த கல்லை நெல்லோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடினால் ராத்திரியில் அது ரோடா குவியலா என்று தெரியாது. பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்கையாவது கட்டி வையுங்கள் என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன், வைக்கவும் செய்தார்கள். அப்புறம் திருப்பத்தில் டிப்பர் சிந்திவிட்டுப் போகும் ஜல்லி. கார்க்காரருக்கு அது ஒன்றுமே இல்லை, பைக்கில் சாய்த்துத் திரும்புகிறவனுக்கு அது எமன்.

அதனால் என் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் சில சாமான் கிடக்கும். மரக்கட்டை இரண்டு, சிவப்பு முக்கோணம், டார்ச், பழைய சாக்கு, ஒரு கட்டை வாரியல். வாரியலைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. உடைந்த கண்ணாடியையும் ஜல்லியையும் கையாலா கூட்ட முடியும்?

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டது வேறு யாரும் இல்லை, என் வீட்டில்தான்.

போன வருஷம் பணகுடி பக்கம் நாலுவழிச் சாலையில் ராத்திரி ஒரு டயர் பட்டை கிடந்தது. ரீசோல் போட்ட, அதாவது தேய்ந்த டயருக்கு மேல் புதுப்பட்டை ஒட்டிய லாரி டயரிலிருந்து உரிந்து, ஆள் நீளத்துக்கு, உள்ளே இருந்த கம்பி வெளியே துருத்திக்கொண்டு கிடந்தது. பழக்கதோஷத்தில் ஓரம் கட்டிவிட்டு ரோட்டுக்குள் இறங்கி நடந்தேன். பட்டையைப் பிடித்து இழுத்தால் நினைத்ததைவிடக் கனம். பாதியில் ஒரு கார் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. பட்டையைப் போட்டுவிட்டு நடுவில் இருந்த அரளிச் செடிக்குள் விழுந்தேன். கார் பட்டையில் ஏறித் தடதடத்து, எப்படியோ சுதாரித்துப் போய்விட்டது. முழங்கையிலும் காலிலும் சிராய்ப்போடு வீட்டுக்குப் போனேன்.

"நீங்க அங்கன கெடந்தா ஒங்கள ஆரு வந்து எடுத்துப் போடுவா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து நாலுவழிச் சாலையில் நான் இறங்குவதில்லை. அது இறங்கி நடக்கிற ரோடே இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிறவன் ரோட்டின் நடுவில் ஆள் குனிந்து நிற்பான் என்று நினைக்கவே மாட்டான். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்று ஒரு எண் இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும் பேசலாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பாதை என்று சொன்னால் போதும். எண் ஞாபகம் இல்லையென்றால் நாங்குநேரி, கயத்தாறு டோல்கேட்டில் பணம் கட்டும்போது சொல்லிவிட்டுப் போகலாம். நடுச்சாலையில் மாடு, மரம் என்று பெரிதாகக் கிடந்தால் 100-க்கோ 112-க்கோ போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராத்திரி ஆள் அரவமில்லாத இடத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாகக் கல் அடுக்கியிருந்தால், அது மறந்துபோன கல் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்த வழியே திரும்பி, வெளிச்சம் இருக்கிற முதல் டீக்கடையில் நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். தனியாகக் கார் ஓட்டி வரும் பெண்களிடம் இறங்குங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஒரு போன் போட்டாலே அது பெரிய காரியம்.

மற்றபடி நம்ம ஊர் ரோட்டில், இறங்கத்தான் வேண்டும் என்பேன். கல்லுக்கு முன்னாலேயே நிறுத்தக் கூடாது, தாண்டிப் போய் மண்ணில் இறக்கி நிறுத்த வேண்டும். வளைவில் நிறுத்தவே கூடாது. இரண்டு பக்கமும் வண்டி ஓய்ந்த பிறகு, வருகிற வண்டியைப் பார்த்தபடியே போய் எடுக்க வேண்டும், முதுகைக் காட்டிக் குனியக் கூடாது. எடுத்ததை ரோட்டு ஓரத்து மண்ணில் விட்டால் அடுத்த வண்டி ஒதுங்கும்போது மறுபடி மாட்டும். நன்றாகத் தள்ளி, மரத்து மூட்டிலோ ஓடைப் பக்கமோ போட வேண்டும்.

"ஹைவேஸ்காரன் சம்பளம் வாங்குதான், நீ எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ரோட்டைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு விழுந்த கல் அவர்களுக்குத் தெரிவதற்குள் விடிந்துவிடும். கல்லை விட்டுப் போனவனுக்குச் சட்டமும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 285-ஆவது பிரிவு, பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 283-ஆவது பிரிவாக இருந்தபோது 200 ரூபாய்தான். அபராதத்தை ஏற்றியது சரிதான், ஆனால் விடியக்காலம் மூன்றரை மணிக்கு அந்தப் பிரிவு வந்து கல்லைத் தூக்கப் போவதில்லை.

எங்கள் அம்மை காட்டுக்குப் போகும்போது பாதையில் உடைமுள் கிடந்தால், தலையில் புல்லுக்கட்டு இருந்தாலும் நின்று, காலால் ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த எட்டு வைப்பாள். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வண்டிப்பாதையில் இன்னும் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கப் போட்டிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக, வழியில் போகிறவன் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று வைத்தது. ஏர்வாடியில் நான் டீ குடிக்கும் கடையில் பாய் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் கையில் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். "பாதையில கெடக்குற தொந்தரவை அகத்துறதும் ஒரு தர்மம்னு எங்க நபி சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. ஆனா பாத்துச் செய்யுங்க" என்றார். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், நான் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

நேற்றுக் காலை மார்க்கெட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நாங்குநேரி தாண்டிக் களக்காடு ரோட்டில் ஒரு செங்கல் லாரி பின்னச்சு மடங்கி நின்றது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். கிளீனர் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும், வேர்த்து விறுவிறுத்து டிரைவரோடு அடியில் படுத்துக் கிடந்தான். வண்டியை நிறுத்தினேன். என்னிடம் இருந்த சிவப்பு முக்கோணத்தை அவர்கள் வண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். "தம்பி, கெளம்பும்போது கல்லை மட்டும் மறந்துராதப்பா" என்றேன். வேலை மும்முரத்தில் அவன் சரியாகக் காதில் வாங்கினானா என்றுகூடத் தெரியவில்லை. "சரிங்க அண்ணாச்சி, நீங்க போங்க" என்றான்.

சாயங்காலம் வேறு லோடுக்காக அந்த வழியே போனேன். லாரி இல்லை. ரோட்டில் கிரீஸ் கறையும் கொஞ்சம் செங்கல் தூளும் இருந்தது. வண்டியை மெதுவாக்கிப் பார்த்தேன். எதிரே புளியமரத்து மூட்டில் இரண்டு கல்லும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. அதில் சாய்த்து என் முக்கோணத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தான்.