கல் புரண்டதா, கால் புரண்டதா?

மார்ச் 5, வியாழன்

ஈஸ்டர் ஆராதனைக்காக நான் மெட்டமைத்த பாட்டை இன்று முதல்முறையாகக் குழுவோடு பாடிப் பார்த்தோம். மூன்றாவது அடி முடிந்ததும் ஆல்டோவில் (பெண்களின் தாழ்குரல் வரிசையில்) மூத்தவரான அக்கா கையை உயர்த்தினார். "தம்பி, கல்லறையில் கல் புரண்டதா, இல்லை யாருக்காவது கால் புரண்டதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். 'கல் புரண்டது' என்ற இடத்தில் 'கல்' மேல் நான்கு தட்டுக்கு நீளும் ஒரு ஸ்வரத்தை வைத்திருந்தேன். தமிழில் குறிலை இழுத்தால் அது சும்மா இருக்குமா? நெடிலாகி, பொருளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நானும் சிரித்துவிட்டுத் திருத்தியிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "இந்த மெட்டு ஜெபத்தில் வந்தது அக்கா. அப்படியே கிடைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை." அறை அமைதியாகிவிட்டது. அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

மார்ச் 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை. 'நான் ஒன்றும் செய்யவில்லை' என்பதை வேறு யாரோ சொல்லிக் கேட்டது போலவே இருந்தது. எழுந்து தேடினேன். யாத்திராகமம் 32.

ஜனங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். மோசேயின் அண்ணன் ஆரோன் கருவி பிடித்து, அவர்கள் வணங்குவதற்குப் பொன் கன்றுக்குட்டியைச் செய்கிறான் என்று 4ஆம் வசனம் தெளிவாகவே சொல்கிறது. மோசே மலையிலிருந்து இறங்கி வந்து கேட்கும்போது, 24ஆம் வசனத்தில், கதை மாறுகிறது. பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்கிறான். தானாக வந்ததாம்! கருவி பிடித்த கை எங்கே போனதோ.

வேதாகமத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும் இடம் இது. இன்று மூட்டவில்லை.

மார்ச் 9, திங்கள்

கன்றுக்குட்டிக்கு ஓர் அதிகாரம் முன்னால்தான் பெசலெயேல் வருகிறான். இத்தனை வருஷம் இரண்டையும் தனித்தனியாகவே படித்திருக்கிறேன். 31இல் கர்த்தர் ஒருவனைப் பேர் சொல்லி அழைத்து, அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். வேதாகமத்தில் இப்படி ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படும் முதல் ஆள் அரசனும் இல்லை, தீர்க்கதரிசியும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், மரம், கல் எல்லாவற்றிலும் வேலை செய்யத் தெரிந்த கைவினைஞன், ஆசரிப்புக் கூடாரம் என்ற ஆராதனைக் கூடாரத்தைச் செய்ய அழைக்கப்பட்டவன்.

அதைவிட எனக்கு உறைத்தது 37ஆம் அதிகாரம். சீத்திம் மரத்தில் பெட்டி செய்தான், இரண்டரை முழ நீளம். மேசை செய்தான். குத்துவிளக்கு செய்தான். தூபபீடம் செய்தான். வசனத்துக்கு வசனம் 'செய்தான், செய்தான்' என்றே போகிறது. ஆவியால் நிரம்பியவனின் வேலையைச் சொல்லும்போது வேதாகமம் அவன் கையை மறைக்கவே இல்லை. கையை மறைத்தவன் ஆரோன்தான்.

ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 'சிருஷ்டித்தார்' என்பதற்கு எபிரெயத்தில் 'பாரா' என்ற சொல். பழைய ஏற்பாட்டில் அந்த வினை இந்தப் பொருளில் வரும்போதெல்லாம் எழுவாய் தேவன் மட்டுமே. பெசலெயேலுக்கு வருவது 'ஆசா', சாதாரணமான 'செய்தான்'. அவனுக்கு யாரோ கொண்டுவந்த மரம் வேண்டும், பெண்கள் நூற்ற நூல் வேண்டும், ஜனங்கள் கொடுத்த பொன் வேண்டும். ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கிற வேலை அவனுடையது அல்ல. எனக்கும் ஏழு ஸ்வரங்களைக் கொடுத்துத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

ஆதியாகமம் 4:21. யூபால், 'கின்னரக்காரர், நாகசுரக்காரர் யாவருக்கும் தகப்பன்'. பிறந்தது காயீன் வம்சத்தில். அதாவது வேதாகமத்தில் இசை முதலில் தலைகாட்டுவது கொலைகாரனின் பேரப்பிள்ளைகள் வீட்டில். மெட்டு வருவது பக்திக்குச் சான்றிதழ் அல்ல. இதை அன்றே யாராவது என் காதில் போட்டிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

பாட்டைத் தொடவே பிடிக்காமல் ஐந்து நாள் ஓடிவிட்டது. தூக்கி எறிந்துவிட்டு, எல்லாரும் அறிந்த பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பணிவு போலத் தெரிந்தது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் ரோஷம்.

தாலந்து உவமை நினைவுக்கு வந்தது, மத்தேயு 25: எஜமான் ஊழியர்களிடம் தாலந்துகளை ஒப்படைத்துப் போக, ஒன்று வாங்கியவன் அதை மண்ணில் புதைத்துவைத்த கதை. சபைகளில் நாம் 'தாலந்து' என்றாலே திறமைதான், ஆனால் அது எடை, அந்த எடையுள்ள பணம். ஒரு தாலந்து என்பது 6000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, ஒன்றே ஒன்று வாங்கியவனும் ஏறக்குறைய இருபது வருஷக் கூலியைத்தான் மண்ணில் புதைத்திருக்கிறான். 'எனக்கு ஒன்றுதானே கிடைத்தது' என்று அவனுக்காக இனி யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. பெசலெயேல் அந்தக் குத்துவிளக்கையும் அதன் பணிமுட்டுகளையும் எவ்வளவு பொன்னில் செய்தான்? ஒரு தாலந்து. இது பொன், உவமையில் வருவது பணம் என்பது தெரியும். இருந்தாலும் மண்ணுக்குள் ஒரு தாலந்து, ஆசரிப்புக் கூடாரத்தில் எரியும் விளக்காக ஒரு தாலந்து. புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21, சனி

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பிறந்தது 1685, மார்ச் 21, அவர் ஊரில் அன்று வழங்கிய காலண்டர்படி. பல கையெழுத்துப் பிரதிகளின் தலையில் 'ஜே.ஜே.' என்று எழுதுவார்: இயேசுவே, உதவும். முடிவில் 'எஸ்.டி.ஜி.': தேவனுக்கே மகிமை. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டதுதான். யாரும் சொல்லாதது, அந்த இரண்டு ஜெபங்களுக்கும் நடுவில் கிடக்கும் அடித்தல் திருத்தல். 1724இல் அரங்கேற்றிய யோவான் சுவிசேஷப் பாடுகளின் இசையை அடுத்த வருஷமே மாற்றினார். தொடக்கக் கோரஸையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். பிற்பாடு மறுபடியும் மாற்றினார். உதவி கேட்டவர்தான், வந்த உதவியை வாங்கிக்கொண்டு மறுபடி பேனாவையும் எடுத்திருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று தொடவில்லை. பெசலெயேலை அழைத்த கையோடு, அதே 31ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாள் கட்டளை வருகிறது.

மார்ச் 25, புதன்

அக்கா வீட்டுக்குப் போனேன். பாதி மன்னிப்பு கேட்பதற்குள், "சரி சரி, கீபோர்டைப் போடு" என்றார். ஒரு மணி நேரம் ஆனது. 'கல்' ஒற்றைத் தட்டில் பட்டென்று விழட்டும், நீட்டலை வரியின் கடைசிக்குத் தள்ளு என்றது அவர்தான். 'கல் புரண்டதே.' ஏகாரம் ஏற்கெனவே நெடில், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். கல் சட்டென்று நகர, பின்னால் வெளிச்சம் மெதுவாக நீண்டு வருவது போல் இருந்தது.

என் தனி மெட்டைவிட இது நன்றாக இருக்கிறது. எழுதிவைக்கவே கொஞ்சம் வலிக்கிறது.

பெசலெயேலுக்கும் கூட ஒருவன் இருந்தான், தாண் கோத்திரத்து அகோலியாப். இருவருக்கும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் சேர்த்தே கொடுக்கப்பட்டது என்கிறது யாத்திராகமம் 35:34. அக்காவிடம் அதைச் சொன்னேன். "அப்போ நான் அகோலியாபா? போய் வேலையைப் பார்" என்றார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

பாடிவிட்டோம். இரண்டாம் சரணத்தில் டெனர் கொஞ்சம் முந்திவிட்டது, பரவாயில்லை. மூன்றாவது அடியில் யாரும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தினார். "ஐயா, அந்தப் பாட்டுக்கு மெட்டு யார் போட்டது?" பழக்கத்தில் நாக்கு 'எல்லாம் ஆண்டவர்' என்று தொடங்கிவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நான்தான் போட்டேன். மூன்றாவது அடியை அதோ, அந்த அக்கா திருத்தினார்."

அவர் அக்காவைத் தேடிப் போனார். அக்கா எதுவும் காதில் விழாதவர் போலப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.