பீ (Bee) பெரியம்மாவும் என் முதல் பிரைமரி ஓட்டும்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால் என்ன மாறும் என்று எங்கள் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் விமான நிலைய வரிசையைப் பற்றித்தான் சொல்வார்கள். ஓட்டைப் பற்றி யாராவது சொன்னால் அது நவம்பர் ஓட்டாக இருக்கும். அதற்கும் முன்னால், கட்சி யாரை நிறுத்துவது என்பதையே சாதாரண ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற பிரைமரி என்று ஒன்று இருக்கிறது, இந்த நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அதுதான் என்று நான் சொன்னால் கொஞ்சம் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

ஈரோட்டில் வளர்ந்தவளுக்கு இது பெரிய விஷயம்தான். நம் ஊரில் பணம் கட்டி விருப்ப மனு கொடுப்பார்கள், தலைமை நேர்காணல் நடத்தும், கூட்டணிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் ஒருநாள் பட்டியல் வரும். நம் தொகுதிக்கு யார் என்று மறுநாள் பேப்பரைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்த ஆளுக்கு சீட்டு கிடைக்கவில்லையா, முடிந்தது கதை. இங்கே அந்தப் பட்டியலைப் போடுகிற வேலையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்றதும் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

பாஸ்டன் ஃபேனில் ஹாலில் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று உறுதிமொழி எடுத்து வெளியே வந்தபோதே வாக்காளர் பதிவுப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் கட்சி என்று ஒரு கட்டம். மாசசூசெட்ஸில் எந்தக் கட்சியிலும் சேராமல் இருக்கலாம், 'அன்என்ரோல்டு' என்பார்கள், மாநில வாக்காளர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். பிரைமரி அன்றைக்குப் போய் இந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள். நானும் அப்படியே பதிந்தேன். ஆனால் 2020 மார்ச் 3-ஆம் தேதி ஜனாதிபதி வேட்பாளருக்கான பிரைமரியில் யாருக்குப் போடப்போகிறேன் என்பது அதற்கு வெகு முன்பே எனக்குத் தெரியும். ஜனநாயகக் கட்சியில் எங்கள் மாநில செனட்டர் எலிசபெத் வாரன்.

எதனால் என்று கேட்டால் நான் முதலில் ஒரு படிவத்தைத்தான் காட்டுவேன்.

வீடு வாங்கியபோது கடன் கொடுத்த இடத்திலிருந்து மூன்று பக்கத்தில் ஒரு மதிப்பீடு வந்தது. வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, பிற்பாடு ஏறுமா ஏறாதா, கையிலிருந்து எவ்வளவு கொண்டுபோக வேண்டும், எல்லாம் கட்டம் கட்டமாக, பெரிய எழுத்தில். கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னதாகவே கடைசிக் கணக்கும் ஐந்து பக்கத்தில் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. எங்களுக்குப் பத்து வருடம் முன்னால் வாங்கிய சினேகிதி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கெல்லாம் தலையணை மாதிரி ஒரு கட்டைக் கொடுத்து 'இங்கே இங்கே போடுங்கள்' என்றார்கள், வட்டி ஏறுகிற கடன் என்பதே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்றாள். அவர்கள் வீடு 2009-இல் கைவிட்டுப் போனது. அவர்கள் ஒன்றும் ஊதாரிகள் இல்லை. பெருமந்தத்தில் வேலை போனது, அவ்வளவுதான்.

அந்த மூன்று பக்கம் 2015 அக்டோபரில்தான் வந்தது. கொண்டுவந்தது நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு. அப்படி ஒரு அமைப்பு வேண்டும் என்று 2007-இலேயே, சந்தை சரிவதற்கு முன்பே, ஒரு கட்டுரையில் எழுதியவர் அப்போது ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராக இருந்த வாரன். அவர் சொன்ன வாதம் எளிது: ஐந்தில் ஒன்று தீப்பிடித்து வீட்டை எரிக்கும் என்கிற ரொட்டி டோஸ்டரைக் கடையில் விற்க விடமாட்டார்கள், ஆனால் ஐந்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் கடனை மட்டும் தாராளமாக விற்கலாமா? மூன்றே வருடத்தில், 2010-இல், அது சட்டமானது. முதல் ஆறு வருடத்தில் மட்டும் சுமார் 1,200 கோடி டாலர் அளவுக்கு ஜனங்களுக்கு நிவாரணம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அமைப்பைக் கட்டி எழுப்பிய அவரையே அதற்குத் தலைவராக்க செனட்டில் குடியரசுக் கட்சியினர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று திரும்பி வந்து, 2012-இல் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுனைத் தோற்கடித்து, அதே செனட்டுக்குள் உறுப்பினராகவே போய் உட்கார்ந்தார். இந்த இடம் வரும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

இப்போது பீ பெரியம்மா.

இங்கே வந்த புதிதில், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் இருந்தேன். கிரீன் கார்டு வரிசை நகர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்த சமயத்தில்தான் குழந்தை. டேகேர் கட்டணம் அடுக்குமாடி வாடகைக்குச் சமமாக இருந்தது. அப்புறம் என்ன, எல்லாத் தமிழ்க் குடும்பமும் செய்வதைத்தான் செய்தோம். அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம். பி-2 சுற்றுலா விசா, ஒரு பெட்டி நிறைய சத்துமாவும் வசம்பும், ஜனவரிப் பனியில் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கழிகிற பகல்கள். ஒருவர் கிளம்பி இன்னொருவர் வருவதற்குள் விழுகிற இடைவெளியில் என் வேலை போய்விடும் போலிருக்கும்.

வாரன் பிரச்சார மேடைகளில் ஒரு கதை சொல்வார். ஹூஸ்டனில் சட்டம் கற்பிக்கிற வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள், ஆள் மாற்றி ஆள் வைத்தும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்றும் சரிப்படவில்லை. ஒருநாள் இரவு ஓக்லஹோமாவிலிருந்து பெரியம்மா போன் செய்கிறார். நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும்போது இவருக்கு அழுகை வந்துவிடுகிறது, வேலையை விடப்போகிறேன் என்கிறார். 78 வயதான அந்தப் பெரியம்மா, "நாளைக்கு வர முடியாது, வியாழக்கிழமை வருகிறேன்" என்கிறார். ஏழு பெட்டி, ஒரு நாய்க்குட்டியோடு வந்தவர் 16 வருடம் இருந்தார். இங்கே அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே பேர்தான் என்பதால் எல்லோரும் ஆன்ட் பீ என்கிறார்கள், நான் அவர் வாரனின் அம்மாவுக்கு அக்கா என்று படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து பெரியம்மா ஆக்கிவிட்டேன்.

இதைக் கேட்ட எந்தத் தமிழ் அம்மாவுக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், அந்தப் பெரியம்மாவுக்கு விசா நேர்காணல் கிடையாது. கதையை அவர் அங்கேயே விட்டுவிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. எல்லோருக்கும் ஒரு பெரியம்மா கிடைக்கமாட்டார் என்று சொல்லி அடுத்து திட்டத்துக்குப் போவார்: எந்தக் குடும்பமும் தன் வருமானத்தில் 7 சதவீதத்துக்கு மேல் குழந்தைப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது, வறுமைக்கோட்டின் இரண்டு மடங்குக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு முழுக்க இலவசம். காசு எங்கிருந்து வரும் என்றால் அதற்கும் பதில் உண்டு. 5 கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள், அந்த 5 கோடியைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் வருடம் இரண்டு சென்ட். கூட்டத்தில் "டூ சென்ட்ஸ், டூ சென்ட்ஸ்" என்று கோஷம் போடுவார்கள். வரி விகிதத்தைக் கோஷமாகப் போடுகிற அரசியல் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் வார இறுதி விருந்துகளில் இதையெல்லாம் சொன்னால் கேட்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு யாராவது ஒரு அண்ணா பிரியாணித் தட்டோடு வந்து, "நல்லாத்தாம்மா பேசுறாங்க, ஆனா ஜெயிக்க மாட்டாங்களே" என்பார். இளைய எஞ்சினியர்களில் பாதிப் பேர் அதே போட்டியில் நின்ற பெர்னி சாண்டர்ஸ் பக்கம், மீதிப் பேர் மாதம் ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்ன ஆண்ட்ரூ யாங். பெரியவர்கள் பைடன், ஏனென்றால் 'அவர்தான் டிரம்ப்பைத் தோற்கடிப்பார்'. பெண்கள் சிலர் கமலா ஹாரிஸ், மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம், நம்ம வீட்டுப் பெண், அவரை விட்டுவிட்டு நீ ஏன் இன்னொருத்திக்கு என்று என்னைக் கேட்டார்கள். அவர் தோசை சுடுகிற வீடியோவை எனக்கும் அனுப்பினார்கள். எனக்கு ஹாரிஸ் மீது ஒரு குறையும் இல்லை, சியாமளா கோபாலன் தனி ஆளாக இரண்டு பெண்களை வளர்த்த கதை எனக்கும் நெருக்கம்தான். ஆனால் ஊரைப் பார்த்து ஓட்டுப் போட வேண்டுமென்றால் அதற்கு ஈரோடே போதுமே. ஹாரிஸ் 2019 டிசம்பரிலேயே விலகிவிட்டார், அத்தோடு அந்த வாக்குவாதம் நின்றது.

'ஜெயிக்க மாட்டாங்க' மட்டும் நிற்கவே இல்லை. இதற்கு என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான்: நவம்பரில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம், இருவரில் யார் தேவலை என்று. பிரைமரி ஒன்றில்தான் எனக்கு யார் வேண்டும் என்று சொல்லக் கிடைக்கிறது. அதையும் பக்கத்து வீட்டுக்காரன் யாருக்குப் போடுவான் என்று ஊகித்துப் போட்டால், அவனும் என்னை ஊகித்துப் போட்டால், கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒருவருக்கு எல்லோரும் ஓட்டுப் போட்டிருப்போம்.

ஜனவரியில் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் வாரனுக்காக வீடு வீடாகப் போக ஆள் தேவை என்று சொல்ல, நானும் இன்னொரு தமிழ்ப் பெண்ணுமாகக் கிளம்பினோம். நாஷுவா எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த ஊர்தான், விற்பனை வரி இல்லாததால் டிவி வாங்க எல்லையைத் தாண்டிப் போகிற இடம். அங்கே ஒரு சின்ன அலுவலகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாதீர்கள். திட்டத்தை ஒப்பிக்காதீர்கள், முதலில் கேளுங்கள், பிறகு நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். துண்டறிக்கையைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், கதவில் செருகுங்கள். போனில் ஒரு செயலி, அதில் தெரு, வீட்டு எண், வாக்காளர் பேர், வயது. பேசி முடித்ததும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் போட வேண்டும், ஒன்று என்றால் உறுதியான ஆதரவு, ஐந்து என்றால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பிரச்சாரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எதிராளியைத் திட்டாமல் ஓட்டுக் கேட்பது எப்படி என்றே முதலில் பிடிபடவில்லை. ஆனால் அது வேலை செய்தது. பாதி வீட்டில் ஆள் இல்லை, இருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்தே கையசைத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் என்னைவிடச் சின்னவள், இடுப்பில் குழந்தை. "இன்னும் முடிவு பண்ணவில்லை, எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள்" என்றாள். நான் என் அம்மா மாமியார் சுழற்சியைச் சொன்னேன், பீ பெரியம்மாவைச் சொன்னேன், 7 சதவீதத்தைச் சொன்னேன். போனை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். "நான் இப்போது கொடுப்பதில் பாதிகூட வராது" என்றாள். அவளுக்கு ஒன்று போட்டேன்.

இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், எந்தக் கட்சியிலும் சேராதவர், வாரன் தன்னைச் செவ்விந்திய வம்சாவளி என்று சொல்லிக்கொண்டாரே அதற்கு என்ன சொல்கிறாய் என்றார். செரோக்கி பழங்குடி மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், கேட்க வேண்டியதுதான் என்றேன். அதோடு, தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அவர் குடியரசுக் கட்சியில் இருந்தவர், திவாலாகிறவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நிரூபிக்கக் கிளம்பி, நீதிமன்றக் கோப்புகளைப் புரட்டியபோது நோய், வேலையிழப்பு, விவாகரத்து என்று சாதாரணக் குடும்பங்களையே கண்டு மனம் மாறினார், ஆதாரத்தைப் பார்த்து மனம் மாறுகிறவர் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மூன்று போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் வாரனுக்குக் கிடைத்தது நான்காவது இடம், 9 சதவீதம் சொச்சம். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள் கிடைக்க 15 சதவீதம் வேண்டும். அன்றைக்கு ராத்திரி எங்கள் வாட்ஸப்பில் பிரியாணி அண்ணா ஒன்றும் சொல்லாமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டார், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 3 காலையில் எங்கள் ஊர்ப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசை. தெருப் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லி, ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஓவலைக் கறுப்பாக்கினேன். விரலில் மை இல்லை, ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர்தான். சீட்டில் இருந்த பலர் அதற்குள் போட்டியிலேயே இல்லை. பூட்டஜஜும் குளோபுச்சாரும் முந்தின இரண்டு நாளில் விலகியிருந்தார்கள், முன்கூட்டியே அவர்களுக்குப் போட்டுவிட்ட என் அலுவலகத் தோழி அன்று முழுக்கப் புலம்பினாள். எங்கள் சொந்த மாநிலத்திலேயே வாரனுக்கு மூன்றாவது இடம், சுமார் 21 சதவீதம். இரண்டு நாள் கழித்து கேம்பிரிட்ஜில் தன் வீட்டு வாசலில் நின்று விலகுவதாகச் சொன்னார். பெண் குழந்தைகளைப் பார்க்கும் இடமெல்லாம் சுண்டுவிரல் கோத்து, 'நான் ஜனாதிபதிக்குப் போட்டியிடுகிறேன், பெண்கள் செய்வது இதைத்தான்' என்று சத்தியம் வாங்குவார், அந்தக் குழந்தைகள் எல்லாம் இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டுமே என்றபோதுதான் அவர் குரல் கம்மியது. நவம்பரில் நான் பைடன், ஹாரிஸ் சீட்டுக்கே போட்டேன், மகிழ்ச்சியாகத்தான் போட்டேன்.

ஓட்டு வீணாகிவிட்டதா என்று இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. 2021 நவம்பரில் பைடனின் பெரிய சமூகநல மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. குழந்தைப் பராமரிப்புக்குக் குடும்ப வருமானத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு பகுதி இருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி போனில் கணக்குப் போட்ட அதே எண். டிசம்பரில் பைடன் கட்சியின் செனட்டர் ஜோ மான்சினே ஆதரிக்க முடியாது என்றதோடு மசோதா செனட்டில் முடங்கியது, அது வேறு கதை. யாராவது அதை மறுபடியும் தூக்கிக்கொண்டு பிரைமரியில் நின்றால் நாஷுவாவுக்கு வண்டி எடுக்க நான் தயார். பிரியாணி அண்ணாவின் மகளுக்குப் போன வருடம் குழந்தை பிறந்திருக்கிறது, டேகேர் காத்திருப்புப் பட்டியலில் பேர் கொடுத்திருக்கிறார்கள், இந்தத் தடவை அவரையும் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை.