அராலியில் விடியமுன்

மாரியில் யாழ்ப்பாணத்து வழுக்கையாறு கடல்நீரேரியில் கலக்கிற நாட்களில், விடியமுன்னே போத்தலும் மீற்றருமாக அராலியில் போய் நிற்பேன். ஒட்சிசன் அளக்க அதுதான் சரியான நேரம். இரவு முழுக்கப் பாசியும் சுவாசித்து, தண்ணீரில் உள்ளதைத் தீர்த்துவிடும். நேற்று லீற்றருக்கு 2 மில்லிகிராம்தான் காட்டியது. கரையோரம் விரல்நீளத் திரளி மீன்குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்க நெஞ்சு பதறியது.

"தம்பி, தோட்டத்துக்குப் போடுற யூரியா இங்க வருமோ?" வலை காயவிட்ட ஐயா கேட்டார்.

வரும், ஐயா. அதை உரமாக்கித்தான் பாசி பெருகுகிறது. மழையோடு கழுவுப்பட்டும் வரும், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் நிலத்துக்குள்ளும் இறங்கும். எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே, யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று குடிநீருக்கான லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரம்பைத் தாண்டி நிற்கிறது.

பின்னேரம் திரும்பவும் போய் அளந்தேன். 9. வெயிலில் பாசி விட்ட ஒட்சிசன். குஞ்சுகளைக் காணவில்லை.