கடைசிச் சூடு: உளி அடித்து, உடைத்துப் பார்த்த அனுபவம்

நான் அடித்த மூன்றாவது உளி, நாலாவது தட்டிலேயே முனை தெறித்துப் போனது. தெறித்த இடத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொடி உப்பை ஒட்டி வைத்தது போல மணி மணியாக மின்னியது. நன்றாகச் செய்த எஃகு உடைந்தால் அப்படி மின்னாது. உடைந்த பீங்கான் மாதிரி மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். எஃகு முந்தைய உளிகளுக்கு எடுத்த அதே 1084 என்ற கார்பன் எஃகு வகை. எண்ணெயும் அதேதான். அப்படியானால் கோளாறு சூட்டில் இருக்க வேண்டும். ஒரே பட்டையில் துண்டுகள் வெட்டி, வேறு வேறு சூட்டில் அடித்து, உடைத்துப் பார்ப்பது என்று இறங்கினேன்.

முதல் சுற்றில் மூன்று துண்டுகள். ஒன்றை 10 மி.மீ. தடிமனிலிருந்து 5 மி.மீ. வரை அடித்துவிட்டு, மறுபடி 1150 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, லேசாகத் தட்டி நேராக்கினேன். இரண்டாவதை அதே அளவுக்கு அடித்தேன், ஆனால் கடைசி அடிகள் 850 டிகிரி அருகில், பலமாக. மூன்றாவதை அடிக்கவே இல்லை; 1150 டிகிரியில் கால் மணி நேரம் உலையிலேயே வைத்திருந்தேன். எல்லாம் ஆறிய பிறகு, மறுநாள் மூன்றையும் 815 டிகிரிக்குச் சூடேற்றி, கடினமாவதற்காக எண்ணெயில் தோய்த்து, வைஸில் கவ்வி உடைத்தேன்.

மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி. உடைந்த இடத்தில் எல்லாமே நல்ல நுண்ணிய முகம்!

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. இந்த எஃகு 727 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் பெர்லைட் (ஆறிய எஃகின் அமைப்பு) ஆஸ்டனைட்டாக (சூட்டில் உண்டாகும் அமைப்பு) மாறுகிறது. அப்போது பழைய மணிகள், அதாவது எஃகின் நுண்ணிய படிகங்கள், அப்படியே நீடிப்பதில்லை. எண்ணற்ற இடங்களில் புது மணிகள் முளைக்கின்றன. மறுநாள் ஏற்றிய சூடு, முந்தைய நாள் நான் செய்த அத்தனையையும் சிலேட்டைத் துடைப்பது போலத் துடைத்துவிட்டது. உடைந்த உளியின் கதையும் அப்போதே தெளிவாயிற்று. அதை நேராக்கிய மஞ்சள் சூட்டிலிருந்தே (1150 டிகிரி அளவில்) எண்ணெயில் இறக்கியிருந்தேன். பெருத்த மணிகள் அப்படியே உறைந்துவிட்டன.

இரண்டாம் சுற்றில் அதே மூன்று வகை, ஆனால் ஆறவிடாமல் கடைசிச் சூட்டிலிருந்தே நேராக எண்ணெய்க்கு. இப்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. உலையில் கிடந்த துண்டுதான் மிகக் கரடுமுரடு. மஞ்சள் சூட்டில் லேசாகத் தட்டியது அதற்கு அடுத்தபடி. 850இல் பலமாக அடித்து முடித்தது மட்டும் பட்டுப் போல இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அடியின் பலமும் சூடும் சேர்ந்து வேலை செய்வதுதான். சூடான எஃகைப் பலமாக அடித்தால் மணிகள் நசுங்கி, உள்ளே ஆற்றல் தேங்குகிறது. அந்த ஆற்றலால் பல இடங்களில் புது மணிகள் முளைத்துப் பழையவற்றைத் தின்றுவிடுகின்றன, இதுதான் மறுபடிகமாதல். லேசான தட்டில் முளைக்கும் இடங்கள் குறைவு, அதனால் வரும் மணிகள் பெரியவை. பலமாகவே அடித்தாலும், பிறகு அதிகச் சூட்டில் விட்டுவைத்தால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடும். ஆகவே அதிகச் சூட்டில் பெரிய வேலையை முடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நேராக்கும் தட்டு, மங்கிய சிவப்பில் போதும். மணி சிறுத்தால் வலிமையும் கூடும், உடையாத தன்மையும் கூடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

மூன்றாம் சுற்றில், பெருத்த மணி உள்ள ஒரு துண்டை எடுத்து மூன்று முறை நார்மலைஸிங் (சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவது) செய்தேன்: 870, 840, 800 டிகிரி. ஒவ்வொரு முறையும் அசையாத காற்றில், காந்தம் நன்றாக ஒட்டும் வரை ஆறவிட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. மங்கிக்கொண்டே வந்த துண்டு, ஒரு கணம் தானாகவே மறுபடி பிரகாசமானது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு நகர்ந்தது அந்த ஒளி. ஆஸ்டனைட் பெர்லைட்டாக மாறும்போது வெளியிடும் வெப்பம் அது. உள்ளே நடப்பதை வெறுங்கண்ணால் பார்த்த முதல் தடவை. அந்தத் துண்டைத் தோய்த்து உடைத்தபோது முகம் சுத்தமாக இருந்தது.

ஒரு துண்டு மட்டும் தேறவில்லை. அதிகச் சூட்டில் பொறி பறக்க ஆரம்பித்த துண்டு அது. மணி பெருத்தது வேறு, எரிந்தது வேறு. எரிந்த எஃகில் மணிகளின் எல்லையே உருகி ஆக்சைடு புகுந்துவிடுகிறது. எத்தனை முறை நார்மலைஸிங் செய்தாலும் அது ஒட்டாது. பொறி பார்த்த பகுதியை வெட்டி எறிவதுதான் வழி.

சரி, சுழற்சியைக் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு துண்டுக்கு ஆறு முறை செய்தேன். முகம் அருமை, ஆனால் தடித்த பக்கத்தில் அரம் கடித்தது, அதாவது அங்கே எஃகு கடினமாகவில்லை. மணி மிகச் சிறுத்தால் எல்லைகள் அதிகமாகி, குளிரும்போது பெர்லைட் சீக்கிரம் உருவாகிவிடுகிறது; தடித்த இடம் கடினமாவதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால் இப்போதைய உளிக்கு மூன்றோடு நிறுத்தி, 815இல் தோய்த்து, 220 டிகிரியில் இரண்டு மணி நேரமாக இருமுறை பதம் வைத்தேன் (நொறுங்கும் தன்மை குறைய மிதமாகச் சூடேற்றுவது). இருபது நாளாக மரத்தில் வேலை செய்கிறது. முனை அப்படியே இருக்கிறது. அடுத்து, தோள் பகுதி 12 மி.மீ. உள்ள கனமான உளி. அதற்கு இரண்டு சுழற்சி, மூன்று சுழற்சி என்று இரண்டு துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன்.