கட்டளைவரியிலிருந்து எல்விஎம்: ஒரு சர்வரில் இடம் பிரித்துக் கொடுத்த அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் கணக்கு மென்பொருளின் தரவுத்தளமும், ஸ்கேன் செய்து சேமித்த ஆவணங்களும், இரவுதோறும் எடுக்கப்படும் பேக்கப்பும் ஒரே உபுண்டு லினக்ஸ் சர்வரின் ரூட் பகுதியிலேயே, அதாவது இயங்குதளமே குடியிருக்கும் பகுதியிலேயே, இருந்து வந்தன. ஆவணங்கள் பெருகப் பெருக அந்தப் பகுதி விளிம்பு வரை வந்துவிட்டது. ரூட் பகுதி முற்றிலும் நிரம்பினால் தரவுத்தளத்தால் எழுத முடியாது, லாக் கோப்புகளும் நின்றுபோகும், ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கக்கூட வழியிருக்காது. எனவே 4 டிபி கொள்ளளவுள்ள இரண்டு வட்டுகளை வாங்கி, மூன்று வகைத் தரவுகளுக்கும் தனித்தனி இடம் பிரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சர்வரில் வரைகலை இடைமுகம் கிடையாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளைகளைக் கொண்டுதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருந்தது. இடையில் இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை நிற்காமல் இருப்பதற்காக, முதல் கட்டளைக்கு முன்பே டிமக்ஸ் அமர்வு ஒன்றைத் திறந்துகொண்டேன்.

வழக்கமான பார்ட்டிஷன் முறையில் இடம் பிரித்தால், ஒவ்வொரு பகுதியும் வட்டின் குறிப்பிட்ட ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடியும். நடுவில் உள்ள பகுதிக்குக் கூடுதல் இடம் வேண்டுமென்றால், வரப்பை வெட்டி அடுத்த வயலுக்குள் நகர்த்துவதுபோல, பக்கத்துப் பகுதியைத் தள்ளிவைத்த பிறகே முடியும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் யாரும் விரும்பிச் செய்யும் காரியம் அல்ல அது. லினக்ஸில் எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) என்ற ஏற்பாடு இந்தச் சிக்கலை இல்லாமலாக்குகிறது. வட்டுகளின் மொத்த இடத்தையும் ஒரு பொதுத் தொகுப்பாக்கி, அதைச் சின்னஞ்சிறு துண்டுகளாக எண்ணி, வேண்டிய அளவு துண்டுகளைச் சேர்த்து ஒரு மெய்நிகர் பகுதியாக அது காட்டுகிறது. அந்தத் துண்டுகள் வட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதால், பின்னால் எப்போது வேண்டுமானாலும் கூடுதல் துண்டுகளைச் சேர்க்கலாம். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த ஏற்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் 1998இல் லினக்ஸுக்காக இதை எழுதினார்.

முதலில் செய்ய வேண்டியது எதையும் எழுதாமல் பார்ப்பதுதான். எல்எஸ்பிஎல்கே கட்டளை சர்வரில் உள்ள வட்டுகளையும், அவற்றின் மேல் என்னென்ன அமர்ந்திருக்கின்றன என்பதையும் காட்டும். வைப்எஃப்எஸ் கட்டளையை, எதையும் அழிக்காமல் வெறுமனே காட்டும்படி ஓட்டினால், பழைய கோப்பு முறைமையின் (கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் ஒழுங்கின்) அடையாளம் ஏதேனும் வட்டில் மிஞ்சியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். 4 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வட்டு திரையில் 3.6 என்றுதான் தெரிந்தது. வட்டுத் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும், லினக்ஸ் கட்டளைகள் பெரும்பாலும் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதே இதற்குக் காரணம். இதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தது நல்லதாயிற்று.

எல்விஎம்மிலேயே பிரதியெடுப்பு வசதி உண்டு. இருந்தாலும் பழகிய வழி என்பதால், வட்டுகளை இணைக்கும் எம்டிஅட்ம் என்ற கருவியைக் கொண்டு இரண்டு வட்டுகளையும் ரெய்டு 1 முறையில் ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும்படி இணைத்தேன். இரண்டையும் ஒத்திசைக்கும் வேலை பின்னணியில் பல மணி நேரம் ஓடும். ஆனால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இணைத்த வட்டை உடனே பயன்படுத்தத் தொடங்கலாம். இந்த இணைப்பின் விவரத்தை எம்டிஅட்மின் அமைப்புக் கோப்பில் பதிந்து, சர்வர் எழும்போது முதலில் படிக்கப்படும் தொடக்கக் கோப்புத் தொகுப்பையும் (இனிட்ராம்எஃப்எஸ்) புதுப்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை சர்வர் எழும்போது எம்டி0 என்று பெயரிட்ட வட்டு எம்டி127 என்ற பெயரில் வந்து நிற்கக்கூடும். எல்விஎம்மைப் பொறுத்தவரை அதனால் கேடில்லை; வட்டின் பெயரை நம்பாமல், வட்டுக்குள்ளேயே எழுதிவைத்த அடையாள எண்ணைக் கொண்டுதான் அது தன் உறுப்புகளைக் கண்டுகொள்கிறது.

அதன் பிறகு மூன்று கட்டளைகள்தான். பிவிகிரியேட் அந்த இணைந்த வட்டில் எல்விஎம்மின் முத்திரையை இடுகிறது. விஜிகிரியேட் அதைக் கொண்டு ஒரு தொகுப்பை உருவாக்குகிறது. எல்விகிரியேட் தொகுப்பிலிருந்து பகுதிகளை வெட்டித் தருகிறது. நாமாக மாற்றாவிட்டால் ஒரு துண்டின் அளவு 4 எம்பி. எல்விகிரியேட்டில் பெரிய எழுத்து எல் கொடுத்தால் பின்வரும் எண் கொள்ளளவாகவும், சிறிய எழுத்து எல் கொடுத்தால் துண்டுகளின் எண்ணிக்கையாகவும் கொள்ளப்படும். 300 ஜிபி கேட்க நினைத்துச் சிறிய எல்லுக்குப் பின் 300 என்று மட்டும் தட்டினால், 1200 எம்பி பகுதியொன்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பிறந்துவிடும். பெயர் வைப்பதிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. தொகுப்பின் பெயரிலோ பகுதியின் பெயரிலோ இணைப்புக்கோடு இருந்தால், எல்விஎம் பகுதிகளின் பெயர்கள் தெரியும் மேப்பர் அடைவில் (ஃபோல்டரில்) அது இரட்டைக் கோடாகத் தோன்றும். தவறு ஒன்றுமில்லை, பார்ப்பவருக்குத்தான் குழப்பம். நான் இணைப்புக்கோடு இல்லாத பெயர்களையே வைத்தேன்.

எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்ற கேள்விதான் கட்டளைகளைவிட அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது. தரவுத்தளத்துக்கு 300 ஜிபி, ஆவணங்களுக்கு 1.5 டிபி, பேக்கப்புக்கு 800 ஜிபி என்று ஒதுக்கியபின் தொகுப்பில் 1 டிபிக்குச் சற்று அதிகமாகவே மீதி இருந்தது. "மிச்சத்தையும் ஆவணங்களுக்கே கொடுத்துவிடலாமே சார், சும்மா கிடந்து என்ன ஆகப்போகிறது?" என்று உடன் பணிபுரியும் தம்பி கேட்டார். மீதி முழுவதையும் ஒரே கட்டளையில் ஒரு பகுதிக்குக் கொடுக்க எல்விகிரியேட்டில் வழியுண்டு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகளும் அதைத்தான் செய்யச் சொல்கின்றன. நான் அதற்கு இணங்கவில்லை. எல்விஎம் பகுதியைப் பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை, பயனாளர்களை வெளியேற்றவும் வேண்டாம். சுருக்குவதோ சேவையை நிறுத்தி, பகுதியைப் பயன்பாட்டிலிருந்து கழற்றி, அச்சத்தோடு செய்யும் வேலை. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொண்டால், யாருக்கும் கொடுக்காமல் தொகுப்பில் வைத்திருக்கும் இடம்தான் நாளை எந்தப் பகுதிக்கு வேண்டுமானாலும் உதவக்கூடிய இடம் என்பது விளங்கும். உபுண்டு சர்வரின் நிறுவியும் இதே வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது. பெரிய வட்டில் எல்விஎம்மோடு நிறுவினால் ரூட் பகுதிக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதைத் தொகுப்பிலேயே விட்டுவைக்கிறது. இதை அறியாதவர்கள் வட்டில் பாதி காணாமல் போய்விட்டதாகப் பதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குத்தான் வழிகாட்டியது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 என்ற இரண்டில், எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்குவதற்கு நடைமுறையில் வழியில்லை. எக்ஸ்ட்4ஐ, கழற்றிவைத்த நிலையில், சுருக்கவும் முடியும். ஆகவே அளவு கூடக் குறைய வாய்ப்புள்ள ஆவணங்களுக்கும் பேக்கப்புக்கும் எக்ஸ்ட்4ஐயும், வளர்வதைத் தவிர வேறொன்றும் செய்யாத தரவுத்தளத்துக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸையும் வைத்தேன். தரவுத்தளத்துக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. எக்ஸ்ட்4 தன் மேலடைவில் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற அடைவை உருவாக்கிக்கொள்ளும். தரவு அடைவையே மவுண்ட் புள்ளியாக, அதாவது பகுதியைப் பொருத்தும் அடைவாக, வைத்தால், சில தரவுத்தள மென்பொருள்கள் அதையும் ஒரு தரவுத்தளம் என்று எண்ணிக் காட்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்ட்4 மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் பயனாளருக்கென (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக்கென) ஒதுக்கிவைப்பதையும் கவனிக்க வேண்டும். 1.5 டிபியில் அது ஏறத்தாழ 77 ஜிபி. ரூட் பகுதியில் அந்த ஒதுக்கீடு உயிர்காக்கும். வெறும் ஆவணங்கள் இருக்கும் பகுதிக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1 விழுக்காடாகக் குறைத்தேன்.

பகுதிகள் தயாரானதும், சர்வர் எழும்போது தாமாகவே மவுண்ட் ஆகும்படி எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டும். இந்தக் கோப்பில் ஒரு பிழை இருந்தால், சர்வர் அந்தப் பகுதிக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் போய் நின்றுவிடும், எஸ்எஸ்எச்சும் வராது. நேரில் போய்த் திரையை இணைத்துத்தான் மீட்க வேண்டும். ஆவணங்களுக்கும் பேக்கப்புக்கும் நோஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், அந்தப் பகுதிகள் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். ஆனால் அதில் மறைந்திருக்கும் ஆபத்தையும் பார்க்க வேண்டும். மவுண்ட் ஆகாத நிலையில் அந்த அடைவு வெறும் அடைவாக ரூட் பகுதியில் இருக்கும். ஸ்கேனர் அனுப்பும் கோப்புகள் சத்தமில்லாமல் அதற்குள் விழுந்து ரூட் பகுதியை நிரப்பத் தொடங்கும். இதைத் தடுக்க, மவுண்ட் செய்வதற்கு முன் அந்த வெற்று அடைவுக்குச் சிஎச்ஆட்டர் கட்டளையால் மாற்ற முடியாத தன்மையைக் கொடுத்துவிட்டேன். பகுதி மவுண்ட் ஆகியிருக்கும்போது இந்தத் தடை குறுக்கிடாது. மவுண்ட் ஆகாதபோது ரூட் பயனாளரால்கூட அங்கே கோப்பை உருவாக்க முடியாது. தரவுத்தளச் சேவைக்கோ, அதன் அடைவு மவுண்ட் ஆன பிறகே தொடங்க வேண்டும் என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் நிபந்தனை எழுதினேன். இவற்றை முடித்து, எஃப்எஸ்டேப்பை ஃபைண்ட்மவுண்ட் கொண்டு சரிபார்த்து, அதில் எழுதிய அனைத்தையும் ஒருமுறை கையால் மவுண்ட் செய்து பார்த்த பிறகே சர்வரை மறுதொடக்கம் செய்தேன்.

தரவை இடம்பெயர்க்க விடுமுறை நாள் மாலையைத் தேர்ந்தெடுத்தோம். சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் ஒருமுறை நகலெடுத்துவிட்டு, பிறகு சேவையை நிறுத்தி, மாறியவற்றை மட்டும் இரண்டாம் முறை நகலெடுத்தால், நிறுத்தி வைக்கும் நேரம் வெகுவாகக் குறையும். தரவுத்தள அடைவின் பாதையை மாற்றாமல், புதிய பகுதியை அதே பாதையில் மவுண்ட் செய்ததற்குக் காரணம் உண்டு. பாதையை மாற்றினால் உபுண்டுவின் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டிலும் புதிய பாதையை அனுமதிக்க வேண்டிவரலாம். அதே பாதை என்பதால் எந்த அமைப்புக் கோப்பையும் தொட நேரவில்லை.

ஒதுக்காமல் வைத்த இடத்தின் முதல் பயன், நான் எதிர்பார்த்ததுபோலவே ஸ்நாப்ஷாட்டில், அதாவது ஒரு பகுதியின் அந்தக் கணத்து நிலையைப் பிடித்துவைக்கும் வசதியில், தெரிந்தது. கணக்கு மென்பொருளுக்குப் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தபோது, தரவுத்தளத்தில் எழுதுவதைக் கணநேரம் தடுத்துவைத்து, அந்தப் பகுதிக்கு 30 ஜிபி அளவில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டுத் தடையை நீக்கினேன். ஸ்நாப்ஷாட் முழு நகல் அல்ல. மூலப் பகுதியில் மாறும் துண்டுகளின் பழைய வடிவத்தை மட்டும் அது எடுத்துவைக்கிறது. தொகுப்பில் இடம் மீதியில்லாவிட்டால் இதை உருவாக்கவே முடியாது. மாற்றங்கள் 30 ஜிபியைத் தாண்டினால் ஸ்நாப்ஷாட் செல்லாததாகிவிடும், மூலத்துக்குப் பாதிப்பில்லை. எல்விஎஸ் கட்டளை காட்டும் நிரம்பல் விழுக்காட்டை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். எக்ஸ்எஃப்எஸ் ஸ்நாப்ஷாட்டை மூலத்தோடு ஒரே நேரத்தில் மவுண்ட் செய்ய நோயூயூஐடி என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் லினக்ஸ் மறுத்துவிடும். புதுப்பிப்பு நலமே முடிந்ததும் ஸ்நாப்ஷாட்டை அழித்துவிட்டேன். அது இருக்கும்வரை மூலத்தில் எழுதும் வேகம் குறையும் என்பதால் தேவைக்கு மேல் வைத்திருப்பதில் பொருளில்லை.

இருப்பதைவிட அதிகமாகக் கணக்குக் காட்டி இடம் ஒதுக்கும் தின் பூல் முறையும் எல்விஎம்மில் உண்டு. நிரம்பும் அளவை இடைவிடாது கண்காணிக்க ஆளிருந்தால் அது நல்ல ஏற்பாடு. எங்களைப் போன்ற சிறு அலுவலகத்துக்கு அது வேண்டாத வம்பு என்பது என் கருத்து.

பின்னர் ஆவணப் பகுதி நிரம்பத் தொடங்கியபோது, எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் கூட்டல் குறியோடு 200 ஜிபி என்று எழுதி, கோப்பு முறைமையையும் சேர்த்து விரிக்கும் ஆர் என்ற விருப்பத்தைக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஸ்கேன் நடந்துகொண்டிருந்தபோதே இடம் கூடிவிட்டது. கூட்டல் குறி இல்லாமல் எழுதினால் மொத்த அளவே 200 ஜிபி ஆக வேண்டும் என்று பொருள். எல்விஎக்ஸ்டெண்ட் இருப்பதைவிடச் சிறிய அளவை ஏற்காது; எல்விரீசைஸ் கட்டளையோ ஓர் எச்சரிக்கையோடு சுருக்கவும் முன்வரும். அதனால்தான் பெருக்கும் வேலைக்கு எல்விரீசைஸை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பிருந்த அமைப்பை எல்விஎம் தானாகவே ஈடிசி அடைவுக்குள் தன் காப்பகக் கோப்புகளில் எழுதிவைக்கிறது. அவை ரூட் வட்டிலேயே இருப்பதால், வாரம் ஒருமுறை அவற்றை வேறொரு கணினிக்கு நகலெடுக்கும் வேலையையும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் சேர்த்திருக்கிறேன்.