எங்கள் விளையாட்டுக்குப் பனைமரம் தேடிய கதை

நாங்கள் மூன்று பேர் வேலை முடிந்த இரவுகளில் ஒரு சின்ன வீடியோ விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். சிவகங்கைப் பக்கத்து ஊரில் கண்மாய் மடையைத் திறக்கப் போகும் ஒரு பையனின் கதை. விளையாட்டை இயக்கும் எஞ்சின் கோடோ என்ற கட்டற்ற மென்பொருள். எங்கள் நிரல் முழுக்க ஜிபிஎல் 3 உரிமத்தில், அதாவது யாரும் எடுத்து மாற்றலாம், பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். நிரல் மூவருக்கும் வரும், படம் யாருக்கும் வராது. முதல் சில மாதம் பையன் ஒரு சாம்பல் சதுரம், மாடு ஒரு பழுப்புச் சதுரம். மடையைத் திறந்தால் நீலச் சதுரங்கள் பரவும். யாரிடம் காட்டினாலும் "இதில் மாடு எது?" என்பதுதான் முதல் கேள்வி.

சரி, படம் தேடலாம் என்று இறங்கினோம். முதலில் எடுத்தது கென்னி என்பவர் தரும் விளையாட்டுப் படத் தொகுப்புகள். எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ உரிமம் என்பதால் பெயர்கூடப் போட வேண்டியதில்லை, சுத்தமான வேலை. நாங்கள் எடுத்த டைல்கள் (தரையை நிரப்ப அடுக்கும் சதுரப் படங்கள்) 16 பிக்சல் அளவு. பிற்பாடு வேறோரிடத்திலிருந்து 32 பிக்சல் மாடு ஒன்று கிடைத்தது. டைலை இரண்டு மடங்காகப் பெரிதாக்கி மாட்டைப் பக்கத்தில் நிறுத்தினால், தரையின் புள்ளிகள் பருமனாகவும் மாட்டின் புள்ளிகள் பொடியாகவும் தெரிந்தன. இரண்டும் தனித்தனியே அழகு, ஒன்றாக நின்றால் ஒட்டவில்லை. ஒரே அளவில், ஒரே கோணத்தில் வரைந்த தொகுப்பாக வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

அப்படிப்பட்ட தொகுப்பு, விளையாட்டுப் படங்களைக் கட்டற்ற உரிமத்தில் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் இருந்தது. 2012-ல் சிசி உரிமங்களை வகுத்த கிரியேட்டிவ் காமன்ஸ், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையான எஃப்எஸ்எஃப், மொசில்லா ஆகியவை இந்தத் தளத்தோடு சேர்ந்து லிபரேட்டட் பிக்சல் கப் என்றொரு போட்டி நடத்தின. முதலில் அடிப்படைப் படங்களையும் எப்படி வரைய வேண்டும் என்ற வழிகாட்டியையும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பின்பற்றிப் பலரும் வரைந்து சேர்த்தார்கள், இன்றும் சேர்க்கிறார்கள். தரைக்கு 32 பிக்சல், ஆளுக்கு 64 பிக்சல் சட்டகம் (அசைவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம்). உடம்பு, முடி, சட்டை எல்லாம் தனித்தனி அடுக்குகள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஆள் தயார். முன்பின் தெரியாத இத்தனை பேர் வரைந்தவை எங்கள் ஊர்த் தெருவில் ஒன்றோடொன்று பொருந்தி நின்றதைப் பார்த்தபோது உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

இடையில் ஒரு தவறு செய்தோம். வேறொரு தளத்தில் தண்ணீர் டைல் ஒன்று அருமையாக இருந்தது. "இலவசம்" என்று போட்டிருந்ததை நம்பி எடுத்து, இரண்டு வாரம் அதை வைத்தே கண்மாயைக் கட்டினேன். ஒரு நாள் சந்தேகம் வந்து படத்தைக் கொடுத்துத் தேடினால், பழைய வணிக விளையாட்டு ஒன்றிலிருந்து அப்படியே வெட்டியது. ஏற்றியவருக்கு அதைக் கொடுக்க உரிமையே இல்லை. கண்மாய் முழுவதையும் பிரித்துப் போட்டேன். இலவசம் என்பது விலையைத்தான் சொல்கிறது, உரிமத்தைச் சொல்வதில்லை. வணிகப் பயன்பாடு கூடாது என்ற என்சி உரிமப் படங்களையும் அன்றோடு விட்டுவிட்டோம். நாங்கள் விற்கப்போவதில்லைதான். ஆனால் என்சி படம் இருந்தால் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முதன்மை மென்பொருள் தொகுப்பில் இடம் கிடைக்காது. கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளைத் தரும் எஃப்-ட்ராய்டில் எச்சரிக்கைக் குறிப்போடுதான் வரும்.

அதிலிருந்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர், வரைந்தவர், எடுத்த இடம், உரிமம், நாங்கள் செய்த மாற்றம். அட்டவணையில் வரி இல்லாத படம் விளையாட்டுக்குள் வரக்கூடாது. பழைய 40 படங்களுக்கு ஆள் தேடி எழுத ஒரு வார இறுதி முழுக்கப் போனது. முதல் நாளே தொடங்கியிருந்தால் படத்துக்கு அரை நிமிடம்தான்.

அப்புறம்தான் பனைமரம். தொகுப்பில் கோட்டை இருக்கிறது, புகைபோக்கி வைத்த வீடு இருக்கிறது, பீப்பாய் இருக்கிறது. பனை மட்டும் எங்கு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. பனை இல்லாமல் எங்கள் கண்மாய்க் கரையா? பிக்சல் படம் வரையும் லிப்ரேஸ்பிரைட் மென்பொருளில் நானே வரைந்தேன். அம்மாவிடம் காட்டினால், "ஈச்சமரம் எதுக்குப்பா கரையில?" என்றார். தென்னங்கீற்று மாதிரி மட்டையை நீட்டி நீட்டி வரைந்திருந்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நானே பனையைப் படம் எடுத்து வந்தேன். பார்த்து வரையும் படமும் அடுத்தவருடையதாக இருக்க வேண்டாம் என்றுதான். உற்றுப் பார்த்தால் பனை ஓலை விசிறிதான்: அரைவட்டம், ஓரமெல்லாம் பல் பல்லாக. தலை உருண்டையாக நிற்கிறது; அதற்குக் கீழே காய்ந்த மட்டைகள் பாவாடை மாதிரித் தொங்குகின்றன. மரம் கறுப்பு, அடிப்பக்கம் கொஞ்சம் பருமன். 128 பிக்சல் உயரம், ஏழு நிறம். பழுப்பு மட்டைகளை வைத்த பிறகுதான் பனை பனையானது. அம்மா இந்தத் தடவை, "நொங்கு எங்கே?" என்றார். இரண்டு குலை சேர்த்தேன்.

அந்தப் பனையைச் சிசி பை எஸ்ஏ உரிமத்தில் (வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்) ஓப்பன்கேம்ஆர்ட்டில் ஏற்றியாயிற்று. எடுத்த இடத்திலேயே ஒன்றைத் திருப்பி வைத்ததில் பெரிய சந்தோஷம்.

இப்போது பையனின் அப்பாவுக்கு வேட்டி. தொகுப்பிலுள்ள நீள அங்கியின் கீழ்ப்பாகத்தை எடுத்து மாற்றுகிறேன், ஆகவே இதுவும் அதே உரிமத்தில்தான் வெளிவரும். நடைக்குத் திசைக்கு 9 சட்டகம், நாலு திசைக்கு 36. முன்னும் பின்னும் முடிந்தன. வலப்பக்கம் வரைந்ததைத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். திருப்பினால் வேட்டியின் கரை வரும் பக்கம் மாறிவிடுகிறது. அதனால் இடப்பக்கத்தையும் தனியாகவே வரைகிறேன். நேற்று இரவு வரை மூன்று சட்டகம் முடிந்திருக்கிறது.